நனோமீற்றர் இலக்கத்தை நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினிச் சிப்புகள் இனிமேல் சிறுக்கப்போவதில்லை, சிப் தயாரிப்பு முறைகளுக்குச் சூட்டும் '3 நனோமீற்றர்', '2 நனோமீற்றர்' (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) என்ற பெயர்களெல்லாம் வெறும் வியாபாரப் பேச்சு என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு அதில் பாதி உடன்பாடு, பாதி உடன்பாடில்லை.

இலக்கத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். '3 நனோமீற்றர்' என்பது இன்று அந்தச் சிப்பில் உள்ள எந்த உறுப்பின் அளவும் அல்ல. சிப்பிலுள்ள நுண்ணிய மின் ஆளிகளான டிரான்சிஸ்டர்களில், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதியே கேற். பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களின் கேற்றுகளுக்கு இடையிலான தூரமே 45 நனோமீற்றருக்குக் குறையாது. 2021இல் இன்டெல் தனது 10 நனோமீற்றர் வரிசையின் மேம்பட்ட வடிவத்துக்கு 'இன்டெல் 7' என்று பெயரையே மாற்றிவிட்டது. சிப்புக்குள் இருக்கும் நினைவகக் கலத்தின் கதை இன்னும் மோசம். தாய்வானின் சிப் உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியின் 5 நனோமீற்றர் முறையில் அது 0.021 சதுர மைக்ரோமீற்றர். அடுத்து வந்த 3 நனோமீற்றர் முறையின் 'என்3இ' வகையிலும் அதே அளவுதான்.

ஆனால் முன்னேற்றமே இல்லை என்பதை ஏற்க முடியாது. 13.5 நனோமீற்றர் அலைநீள ஒளியால் சிப்பில் கோடு வரையும் இயந்திரத்தைப் பாருங்கள். அந்த ஒளியைக் காற்றும் உறிஞ்சிவிடும், கண்ணாடியும் உறிஞ்சிவிடும். அதனால் எல்லாம் வெற்றிடத்தில், வில்லைகளுக்குப் பதிலாக ஆடிகளைக் கொண்டே நடக்கிறது. செக்கனுக்கு 50,000 உருகிய வெள்ளீயத் துளிகள் விழ, ஒவ்வொன்றையும் லேசர் குறிதவறாமல் தாக்கினால்தான் அந்த ஒளியே பிறக்கும். இது ஒருபோதும் உற்பத்திக்கு வராது என்று பல வருடங்களாகச் சொன்னார்கள். வந்துவிட்டது. டிரான்சிஸ்டரின் அமைப்பும் மாறுகிறது: மின்னோட்டப் பாதையை நாலா பக்கமும் கேற் சூழ்ந்திருப்பதால் மின்கசிவு குறைகிறது. சாம்சங் 2022இல் இம்முறையில் உற்பத்தியைத் தொடங்கியது.

ஹட்டன் கடைத்தெருவில் கைபேசி விளம்பரங்களிலும் இந்த இலக்கத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் பெற்றோர், பிள்ளையின் படிப்புக்கென்று தவணையில் கைபேசி வாங்கும்போது இலக்கம் குறைந்ததே நல்லது என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். பாடக் காணொளி பார்க்க 6 நனோமீற்றர் சிப்பே தாராளம். எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான்.

ஆகவே சிப் பற்றிய செய்தி வெளியிடும்போது, ஒரு சதுர மில்லிமீற்றரில் எத்தனை டிரான்சிஸ்டர், மின்சாரம் எவ்வளவு மிச்சம், விலை என்ன என்பவற்றையும் சேர்த்து எழுதுமாறு தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியர்,
ஹட்டன்.