கோடை ஜீனோம் பயிற்சி: மனித ஜீனோமில் தொடங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இளநிலை மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஜீனோம் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ. தொடர்) ஆய்வும் கணக்கீட்டு உயிரியலும் கற்றுத்தரும் பயிற்சிகளை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். எட்டு, பத்து வாரமே கிடைக்கும் பயிற்சியில் முதல் நாளே மனித ஜீனோமைக் கையில் கொடுக்காதீர்கள். அதன் நீளம் சுமார் 310 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் (A, C, G, T). ஆர்.என்.ஏ. ரீடுகளை, அதாவது கருவி படித்துத் தரும் சிறு தொடர்த் துண்டுகளை, அதில் உரிய இடத்தில் பொருத்த ‘ஸ்டார்’ மென்பொருளுக்குச் சுமார் 30 ஜிபி நினைவகம் வேண்டும். சர்வரில் வரிசை நிற்பதிலேயே வாரம் ஓடிவிடும்.

ஈ.கோலை பாக்டீரியாவின் ஜீனோம் 46 லட்சம் எழுத்துதான். 50 மடங்கு ஆழம் (ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 50 முறை படிப்பது) வேண்டுமென்றால் 150 எழுத்து ரீடுகள் எத்தனை தேவை? 46 லட்சத்தை 50ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 லட்சம். இந்தக் கணக்கை மாணவர் தாளிலேயே போட்டுவிடலாம். சாதாரண மடிக்கணினியில் ஒரே நாளில் பலமுறை ஓட்டி, தவறி, திருத்தவும் முடியும்.

அந்தத் தவறுகளைத்தான் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். ஏனென்றால் இத்துறையில் மோசமான பிழைகள் சத்தமே போடாது. ஜீனோமின் பகுதிகளைக் குறிக்கும் ‘பெட்’ கோப்பில் இட எண் 0இலிருந்து தொடங்கும், மரபு மாறுபாடுகளைப் பட்டியலிடும் ‘விசிஎஃப்’ கோப்பில் 1இலிருந்து. மாற்றாமல் சேர்த்தால் எல்லாம் ஓர் எழுத்து தள்ளிப்போகும். நிரலோ நிற்காமல் ஓடி முடியும். ஒரு கோப்பு 2009இல் வந்த மனித ஜீனோம் பதிப்பின்படியும் மற்றது 2013 பதிப்பின்படியும் இருந்தாலும் இதே கதிதான். எக்செல் இன்னும் பொல்லாதது. ‘செப்ட்2’ என்ற மரபணுவைச் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். இதற்காகவே 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். பழைய கோப்புகளில் பழைய பெயர்கள் இன்றும் உண்டு. பெயர் உள்ள பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்த பிறகே கோப்பைத் திறக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முன்பே ஆய்வு கெட்டுப்போவதும் உண்டு. மருந்திட்ட செல்களைத் திங்களன்றும் மருந்திடாதவற்றை வியாழனன்றும் தயாரித்தால், தெரியும் வேறுபாடு மருந்தால் வந்ததா நாளால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. இரண்டு வகையையும் ஒவ்வொரு நாளும் கலந்தே தயாரிக்க வேண்டும். வகைக்கு மூன்று தனித்தனி உயிரியல் மாதிரியாவது வேண்டும். ஒரே மாதிரியைக் கருவியில் மூன்று முறை படிப்பது கணக்கில் சேராது. 20,000 மரபணுக்களை 0.05 என்ற வரம்பில் (தற்செயலாக 5% தவறான முடிவை ஏற்கும் அளவில்) சோதித்தால், உண்மையில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் சுமார் 1,000 மரபணுக்கள் ‘மாறியதாக’ வரும். பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதால் வரும் இத்தகைய பொய் முடிவுகளைக் குறைக்கும் பன்முகச் சோதனைத் திருத்தம் செய்யாத பட்டியலை வழிகாட்டிகள் ஏற்கக் கூடாது.

கடைசி வாரத்தைச் சுவரொட்டி தயாரிப்புக்கு மட்டும் ஒதுக்காதீர்கள். ஒருவரின் மூலத் தரவையும் நிரலையும் மென்பொருள் பதிப்பு எண்களையும் இன்னொரு மாணவரிடம் கொடுத்து, வேறு கணினியில் அதே வரைபடம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேட இரண்டு நாளாவது மிச்சம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணக்கீட்டு உயிரியல் பயிற்றுநர்கள்