மூட்டு முடங்குவதற்கு முன்பே வரவேண்டிய உதவி

கடையம்

அன்புள்ள கோமதிக்கு,

நலம். உன் நலனையும் வீட்டார் அனைவரின் நலனையும் அறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், பேரன் பள்ளியில் சேர்ந்ததும் மகிழ்ச்சி தந்தன. தேன்மொழிக்கு வந்திருப்பது, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று மருத்துவர் உறுதிசெய்த செய்தி மட்டும் மனத்தைக் கனக்கச் செய்தது. ஆனாலும், விரல்கள் வீங்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது பெரிய நன்மை என்றே நான் நினைக்கிறேன். தொடக்க மாதங்களில் முறையான மருந்தைத் தொடங்கியவர்களின் மூட்டுகள் கோணிப்போகாமல் காப்பாற்றப்படும் வாய்ப்பு மிக அதிகம் என்பது இன்று வாதநோய் மருத்துவர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட உண்மை. எனக்கு இந்த நோய் வந்த காலத்தில் அப்படிச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

அவளுக்கு நோயைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதாகக் குறிப்பிட்டிருந்தாய். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் எந்தக் கிழமை என்பதை நாட்காட்டியில் குறித்துவைக்கச் சொல். மருத்துவர் சொன்ன இடைவெளியில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொள்வதை ஒருமுறைகூடத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; இந்த மருந்தைப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டியிருக்கும்.

இனி, மூட்டுநோய்க்காரர்களுக்காக ஆட்சியரிடம் கொடுக்க நாங்கள் எழுதிவரும் மனுவைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையையே இலவசமாகச் செய்கிறார்களே, நீங்கள் மனுவில் இன்னும் எதைக் கேட்கப்போகிறீர்கள்?" என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. நாங்கள் கேட்பதன் சாரமே அதற்கான பதிலில்தான் இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. முழங்கால் மாற்று அறுவையும் அதில் அடக்கம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வகுத்தபோது, பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகையின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது. தேய்மானத்தால் முழங்கால் பழுதாகிப்போன எத்தனையோ முதியவர்கள் இவற்றால் மீண்டும் நடக்கிறார்கள். இந்த நன்மைகளை நான் நன்றியோடுதான் குறிப்பிடுகிறேன். ஆனால் இவை யாவும் மூட்டு கெட்டபின் வரும் உதவிகள். முடக்குவாதக்காரருக்குத் தேவையான உதவி மூட்டு கெடுவதற்கு முன்பு வர வேண்டியது. முடக்குவாதம் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நோயன்று; புறநோயாளியாக, மாதந்தோறும், வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய். நம் காப்பீட்டு ஏற்பாடுகளோ அறுவை அரங்கையும் உள்நோயாளிப் படுக்கையையும் மையமாக வைத்து அமைக்கப்பட்டவை. மாதாந்தர மாத்திரைக்கும், ரத்தப் பரிசோதனைக்கும், மருத்துவரைப் பார்க்கச் செல்லும் பயணத்துக்கும், அன்று இழக்கும் கூலிக்கும் அவற்றில் இடமில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களை நீ அறிவாய். கடையம், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடித்து, நூலால் கட்டும் வேலை முழுவதும் விரல் நுனிகளின் வேலை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. முடக்குவாதம் முதலில் பற்றுவது விரல்களின் சிறு மூட்டுகளையும் மணிக்கட்டையும்தான். அதுவும் காலையில் எழுந்தவுடன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரல்களை மடக்கவே முடியாது. ஆயிரம் சுற்றியவள் அறுநூறு சுற்றுகிறாள், பிறகு முந்நூறு. எண்ணிக்கை குறையக் குறையப் பீடிக்கடையில் இலையும் தூளும் குறைவாகக் கொடுக்கிறார்கள். வருமான இழப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை. வலி மாத்திரையை மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கி விழுங்கி, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வந்த பின்னரே பலர் மருத்துவரிடம் போகிறார்கள். பீடித் தொழிலாளர் நலனுக்காக 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு நிதி இருந்தது. பீடி மீதான தீர்வையிலிருந்து அதற்குப் பணம் வந்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. விரலை நம்பிப் பிழைப்பவர்களின் நலனுக்கென்றே இருந்த ஒரு தனி வருவாய் அதோடு நின்றது. அது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது. உங்கள் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பற்றவைக்கும் பெண்களின் நிலையும் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன், விசாரித்து எழுது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகெங்கும் 1 கோடியே 80 லட்சம் பேர் முடக்குவாதத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களோ 52 கோடியே 80 லட்சம் பேர். இத்தனை பேருக்கு வரும் நோயை 'வயதானால் வருவதுதானே' என்று ஒதுக்கும் பழக்கம் குடும்பங்களில் மட்டுமன்றித் திட்டம் வகுப்போரிடமும் இருக்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்காக 2010இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டம் பின்னர் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் நோய்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மூட்டு நோய்கள் இன்னும் அந்த வரிசையில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் முடக்குவாதத்தைச் சேர்க்க வேண்டும் என்பதாகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. ஆட்களும் வழித்தடமும் பதிவேடும் ஏற்கெனவே இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட்டும் அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் ஃபோலிக் அமிலமும் விலை மலிந்த மாத்திரைகள். அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, முடிவு சரியாக இருந்தால் அடுத்த மாத மாத்திரையை அங்கேயே கொடுத்துவிட்டால், ஒரு பெண் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து மாறி மாறி நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாதநோய் மருத்துவரைப் பார்த்தால் போதும் என்ற நிலை பலருக்கும் வந்துவிடும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயப்படுவோருக்கு நான் எப்போதும் சொல்லும் சான்று எச்.ஐ.வி. சிகிச்சை. வாழ்நாள் முழுவதும் மருந்து, விடாத பரிசோதனை, ரகசியம் காக்க வேண்டிய கட்டாயம் என அது எல்லா வகையிலும் இதைவிடக் கடினமான பணி. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கிய மிகச் சில மருத்துவமனைகளில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அங்கே தொடங்கியது பிறகு மாவட்டங்களுக்கும் அதற்குக் கீழுள்ள ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த நோயாளிகளும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களும் விடாமல் கேட்டதால் கிடைத்தது அது. மூட்டுநோய்க்காரர்கள் இன்னும் கூட்டாகக் கேட்கத் தொடங்கவில்லை. வலியோடு கூட்டத்துக்கு வருவதே அவர்களுக்குப் பெரும்பாடு என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 7இலிருந்து 21ஆக உயர்த்தியது. பார்க்கின்சன் நோயும் ரத்தம் உறையாமை நோயும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன, மூட்டுநோய்கள் சேர்க்கப்படவில்லை. இயக்கக் குறைபாடு என்ற வகையின்கீழ் விண்ணப்பிக்கலாம். ஆனால் 40 விழுக்காடு பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்றளித்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். மூட்டு எந்த அளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு வலு இருக்கிறது என்று அளந்து அந்த விழுக்காட்டைக் கணக்கிடுகிறார்கள். இந்த நோயோ காலையில் ஒருவிதமாகவும் நண்பகலில் வேறுவிதமாகவும் இருக்கும்; ஒரு மாதம் தணிந்து மறுமாதம் பொங்கும். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி காலையில் குழந்தைக்குச் சடை பின்னக்கூட முடியாதவள். மருத்துவக் குழுவின் முன்னே மதியம் நின்றபோது கை ஓரளவு மடங்கியது என்பதால் சான்றிதழ் மறுக்கப்பட்டாள். ஏறி இறங்கும் நோய்களை ஒரே நாளின் அளவைக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது, ஓராண்டு மருத்துவக் குறிப்புகளையும் வலியையும் சோர்வையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருக்கிறோம். எனக்கு இந்தக் கோரிக்கைதான் எல்லாவற்றிலும் நெருக்கமானது. முற்றிலும் முடங்கியபின் கிடைக்கும் அட்டையைவிட, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே கிடைக்கும் அட்டை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

மாத்திரைகளுக்குக் கட்டுப்படாதவர்களுக்கு உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் மருந்து ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான அடலிமுமாப்பின் உயிரொப்பு மருந்தை, அதாவது மூல மருந்தைப் போலவே வேறொரு நிறுவனம் தயாரிக்கும் மருந்தை, உலகிலேயே முதலாவதாக 2014 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்திய நிறுவனமான சைடஸ்தான். அயல்நாட்டு விலையைவிட அது வெகுவாகக் குறைவு. ஆயினும் மாதக்கணக்கில் தொடர வேண்டிய ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவிட ஒரு கூலிக் குடும்பத்தால் இயலாது. அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்து, காசநோய் இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்தபின், தகுதியுள்ளவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வழங்க வேண்டும் என்பது மூன்றாவது கோரிக்கை. வாதநோய்க்கென்று தனித் துறை இப்போது சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. மாவட்டந்தோறும் வாரத்துக்கு ஒரு நாளாவது அந்த மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாட்டையும் இதனுடன் சேர்த்திருக்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் ஊராட்சியில் பேசியிருக்கிறோம். அக்டோபர் 12 உலக மூட்டுநோய் நாள்; அதையொட்டி வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு, ஒரு நகலைச் சுகாதாரத் துறைக்கும் அனுப்புவோம். நீ வருவாய்த் துறையில் இருந்தவள். அலுவலகத்தில் மனு எப்படிப் படிக்கப்படும் என்பது உனக்குத் தெரியும். வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கே நீளம், எங்கே தெளிவில்லை, எந்தக் கோரிக்கை எந்தத் துறைக்கு உரியது என்று குறித்து அனுப்பு. முடிந்தால் உங்கள் சேலத்து ஆட்சியரிடமும் அதே மனுவைக் கொடுக்க நாலு பேரைச் சேர். தேன்மொழி விரும்பினால் அவளும் கையெழுத்திடட்டும். தயங்கினால் வற்புறுத்தாதே, நோய் புதிது, அவளுக்குக் கொஞ்ச காலம் தேவைப்படும்.

மருந்தைப் பற்றியோ நோயைப் பற்றியோ அவள் மனம்விட்டுப் பேச விரும்பினால் எந்த நேரத்திலும் என்னை அழைக்கலாம் என்று சொல். செப்டம்பர் மாத நடுவுக்குள் வரைவு திரும்பி வந்தால் கிராம சபைக்கு முன் திருத்தி அச்சடிக்க வசதியாக இருக்கும். அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மங்கையர்க்கரசி