ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், சினைப்பைக் கட்டி பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள். ஆபரேஷன் வரைக்கும் எல்லோரும் விளக்குகிறார்கள், அதற்கப்புறம் ஆளைக் காணோம். என் பெரியம்மாவுக்குக் கட்டியை எடுத்த ஒரு தனியார் மருத்துவமனை, வீட்டுக்கு அனுப்பும்போது நாலு பக்க இங்கிலீஷ் காகிதத்தைக் கொடுத்தது. எடுத்த கட்டியைச் சோதித்துச் சொல்லும் பயாப்சி ரிப்போர்ட்டோடு திரும்ப வரச்சொன்ன வரி கடைசிப் பக்கத்து மூலையில். பெரியப்பா அதை மருந்துச் சீட்டு என்று நினைத்து மஞ்சப்பையில் சுருட்டி வைத்துவிட்டார்.

அந்த ரிப்போர்ட்தான் எல்லாமே. சாதாரணக் கட்டி என்று வந்தால் பெரும்பாலும் புண் ஆறுவதோடு சரி. புற்றுநோய் என்றால் எந்த வகை, எந்த நிலை என்று பார்த்துத்தான் கீமோ என்ற மருந்துச் சிகிச்சை, ஆரம்ப நிலையில் சிலருக்கு அது தேவைப்படாமலும் போகும். வழக்கமாகக் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகளையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், பலருக்கு ஆறு தடவை.

முடி கொட்டும் என்பது ஊருக்கே தெரியும், மறுபடி முளைத்துவிடும், அதை விடுங்கள். விரல் நுனி மரத்துப்போவதைத்தான் யாரும் சொல்வதில்லை. பெரியம்மா ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் தடுமாறியதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார். டாக்டரிடம் சொன்னால் மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ வழி உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கசாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது, ராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும். இந்த லட்சணத்தில் பார்க்க வருகிற ஒறம்பரைக்குக் காபி போடப் பெரியம்மாவே எழுந்து போவார்! வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் சுமார் ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கவோ தீவனக்கட்டு சுமக்கவோ விடக் கூடாது.

மாதவிலக்கு நிற்காத வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்திருந்தால் திடீரென்று உடம்பு கொதிப்பதும், தூக்கம் கெடுவதும், எரிச்சல் வருவதும் உண்டு. வீட்டு ஆண்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்தாலும் முதல் இரண்டு வருடம் சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருக்கும், பலருக்கு சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்த்து. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், கீமோவுக்கும் செல்லும், ஆபரேஷனுக்கு மட்டும் என்று நினைத்துப் பண்ணயத்துக் காட்டை அடமானம் வைக்காதீர்கள்.

இதையெல்லாம் ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து டிஸ்சார்ஜ் அன்றைக்கே கையில் கொடுக்க ஆஸ்பத்திரிகளுக்கு என்ன கஷ்டம்? பில்லை மட்டும் தெளிவாக அச்சடிக்கிறார்களே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்