ஐந்து பேரும் 45 நொடியும்

பீடோர்,
சனிக்கிழமை மாலை

அன்பு நண்பா,

உன் கடிதமும் நேரக் குறிப்பும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சுகம். பிற்பகலானால் மழைதான்.

உன் தொழிற்சாலையில் காற்றாடி (மின்விசிறி) பூட்டும் லைனுக்கு வருகிறேன். ஓய்வு போக ஒரு ஷிப்டில் 27,000 நொடி, வேண்டியது 600 காற்றாடி. 45 நொடிக்கு ஒன்று இறங்க வேண்டும். ஒரு காற்றாடிக்கு மொத்த வேலை 180 நொடி, ஆகவே நாலு பேர் போதும் என்கிறார் உன் மேலாளர். வகுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் நாலு பேர் என்றால் ஆளுக்குச் சரியாக 45 விழ வேண்டும். உன் நேரங்கள் எல்லாமே இரட்டைப்படை, எப்படிக் கூட்டினாலும் 45 வராது! வேலைகளுக்கு முன்பின் வேறு இருக்கிறது. தண்டு முடுக்காமல் (24 நொடி) சுவிட்ச் பெட்டி (38) ஏறாது. மோட்டாருக்கு (30) அப்புறம்தான் பின்வலை (12), இறக்கை (10), முன்வலை (14). கரண்டு சோதனை (20) முடிந்தால்தான் பெட்டியில் அடைக்கலாம் (32). ஐந்து பேர் வேண்டும், விட்டுக்கொடுக்காதே.

இப்போது நீ ஐந்து பேருக்குப் பிரித்திருப்பது 24, 38, 42 (மோட்டார், பின்வலை), 44 (இறக்கை, முன்வலை, சோதனை), 32. நாலாவது ஆளிடம் ஒரே நொடிதான் மிச்சம். சோதனையில் ஒரு காற்றாடி சுற்றாவிட்டால் போதும், மூன்றாவது ஆளின் மேசையில் குவிய ஆரம்பிக்கும், ஐந்தாவது ஆள் சும்மா நிற்பார். அவரைச் சோம்பேறி என்று எழுதியிருந்தாய், அது நியாயமில்லை. ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் எத்தனை வாளி பால் வந்தாலும், எடை போடும் கிராணியின் (குமாஸ்தாவின்) தராசு வேகம்தானே கணக்கு?

கடைசி 32-இல் 12 நொடி, பெட்டியை மடித்து அடியில் டேப் ஒட்டுவது. அது எந்த வேலைக்கும் காத்திருப்பதில்லை. முதல் ஆளிடம் கொடு. சோதனையை ஐந்தாவது ஆளுக்கும், பின்வலையை நாலாவது ஆளுக்கும் மாற்று. 36, 38, 30, 36, 40 என்று வரும். லைனை லாடம் போல வளைத்தால் முதல் ஆளும் கடைசி ஆளும் பக்கத்தில் இருப்பார்கள், பெட்டி கைமாறிவிடும். நேர் லைனில் இதைச் செய்யாதே. மடித்த பெட்டிகள் நடைவழியை அடைத்துக்கொள்ளும்.

ஆட்களின் நேரத்தில் எத்தனை விழுக்காடு வேலையில் போகிறது என்று மேலாளர் கேட்பார். 180-ஐ 225-ஆல் (ஐந்து பேர், ஆளுக்கு 45) வகுத்தால் பழைய பிரிவுக்கும் 80, புதியதற்கும் 80. அந்த எண் இங்கே ஒன்றும் சொல்லாது. மிகப் பெரிய நேரம் 44-இலிருந்து 40-க்கு இறங்கியதைக் காட்டு. உடனே 40 நொடிக்கு ஒன்றாக ஓட்டி 675 காற்றாடி எடுக்கலாம் என்பார், சம்மதிக்காதே. அந்த 5 நொடி, கைதவறி விழும் ஸ்குருவுக்கும் மரை தேய்ந்த ஓட்டைக்கும்.

இன்னொன்று. நேரம் எடுத்தது யாரை வைத்து? கைதேர்ந்தவரைக் காலையில் பார்த்து எழுதியதென்றால் மறுபடி எடு. இரண்டு பேரை, காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும், பத்துப் பத்துச் சுற்று. ஸ்குரு தட்டு நிரப்புவது லைனில் இருப்பவர் வேலையாக இருக்கக் கூடாது, அதற்குத் தனி ஆள் வை.

மாற்றிய முதல் இரண்டு நாள் எண்ணிக்கை குறையும், பதறாதே. மூன்றாம் நாள் எந்த மேசையில் எத்தனை தேங்குகிறது என்று மணிக்கொருமுறை எழுதி அனுப்பு.

உன் நண்பன்