எந்த ஓக் மரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உத்தராகண்ட் காட்டுத் தீ குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, பைன் பெருகிவிட்ட மலைச்சரிவுகளில் ஓக் மரங்களை நட்டால் தீர்வு கிடைக்கும் என்கிறது. பிசின் நிறைந்த பைன் ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றுவது உண்மை. ஆனால், எந்த ஓக்கை நடுவது என்பதைக் கட்டுரையாளர் சொல்லவில்லை. பணி நிமித்தம் நைனிதாலில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏறக்குறைய 1,940 மீட்டர் உயரத்திலுள்ள ஏரிக்கரையிலிருந்து, 2,600 மீட்டரைத் தாண்டும் நைனா சிகரத்துக்கு ஒரு காலைப்பொழுதில் ஏறிவிடலாம். அந்தச் சிறு காட்டுக்குள்ளேயே கீழே பாஞ்ச், நடுவில் திலோஞ்ச், உச்சியில் கர்சு என ஓக் இனங்கள் மாறிக்கொண்டே போகின்றன; அவ்வட்டாரத்தில் ரியாஞ்சும், தாழ்வான ஓடைக்கரைகளில் பல்யாண்டும் உண்டு. இவையெல்லாம் குமாவோன் மக்கள் வழங்கும் பெயர்கள். மாட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும் பெண்கள் இலையைத் திருப்பிப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடுவார்கள். பாஞ்சின் அடிப்புறம் சாம்பல் பூத்த வெள்ளை. திலோஞ்சுக்கு இருபுறமும் பச்சை. ரியாஞ்சில் பழுப்புப் பஞ்சு படிந்தாற்போல் இருக்கும். கர்சுவின் இளம் இலைக்கு ஓரமெல்லாம் முள்.

விதையிலும் வேற்றுமை பெரிது. பாஞ்சின் கொட்டை குளிர்காலத்தில் முதிர்கிறது. கர்சுவின் கொட்டையோ மழைக்காலத்தில் முதிர்ந்து, சில வேளை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு விழுகிறது; மழை தள்ளிப்போனால் காய்ந்து வீணாகும். ஆகவே அதைச் சேகரித்து, மூட்டையில் வைத்திருந்து, வசதிப்பட்ட மாதத்தில் விதைக்க இயலாது. ஏற்கெனவே மேய்ச்சலாலும் தழைவெட்டாலும் பல இடங்களில் முதிய கர்சு மரங்கள் மட்டுமே நிற்கின்றன. அடியில் கன்றுகளைக் காண்பது அரிது. கீழ்ச்சரிவுக்குரிய பாஞ்சை உச்சியில் நட்டுவிட்டு ‘ஓக் காடு’ என்று கணக்குக் காட்டுவது அந்த இழப்பை ஈடுசெய்யாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டுரையோடு வெளியான படத்தில் இருப்பது, எங்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மரம் பெயரளவில்தான் ஓக், குடும்பமே வேறு. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஓக் கிடையாது என்பதால் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

இக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், எந்த உயரத்தில் எந்த இனக் கன்று நடப்படுகிறது என்பதை விசாரித்து எழுதுமாறும், படத்தை மாற்றுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.