எடை போடும் முன் ஊசியைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கம் விலை ஏற ஏற, பெட்டியடியில் கிடந்த பழைய சீனக் கொண்டை ஊசிகளும் தராசுக்கு வருகின்றன. திராவகத்தில் முக்கு, மூசையில் போட்டு உருக்கு என்பதுதான் பல பட்டறைகளின் வழக்கம். இரண்டுமே இந்தச் சாமானுக்கு ஆகாது.

சீனாவின் சிங் அரசர் காலத்து (1644–1912) ஊசிகளில் ஏராளமானவை வெள்ளியின்மேல் தங்க முலாம் பூசியவை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துத் தடவி, சூடு காட்டிப் பாதரசத்தை ஓட்டிவிடுவார்கள். நிற்கும் படலம் கெட்டியாகப் பிடித்திருப்பதால், உரைகல்லில் லேசாக இழுத்தால் தங்கம் என்றே காட்டும். கூர்முனையையும் தலைப்பகுதியின் பின்புறத்தையும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். முடி உரசி முதலில் தேய்வது அங்கேதான். வெண்மை தெரிந்தால் உள்ளே வெள்ளி, சிவப்பு தெரிந்தால் செம்பு.

சந்தேகம் தீராவிட்டால் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். தாஹில் என்ற எடை அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 7.56 கிராம் உள்ள ஊசி சொக்கத் தங்கமானால் நீரில் 0.39 கிராம் குறையும், வெள்ளியானால் 0.72 கிராம். உள்ளே பொள்ளலாக இருந்தால் காற்று அடைபட்டு இந்தக் கணக்கு பொய்த்துவிடும். ‘ட்சூ ஜின்’ (முழுத் தங்கம்) என்ற சீன முத்திரையை மட்டும் நம்பி விலை பேசவும் கூடாது. முத்திரை குத்துவதில் என்ன கஷ்டம்?

நீல நிறம் இருந்தால் நீர்ச் சோதனையே வேண்டாம். எனாமல் என்று பலர் நினைப்பது மீன்கொத்தி இறகாக இருக்கலாம். துண்டு துண்டாக வெட்டிப் பசையால் ஒட்டியிருப்பார்கள். லென்ஸில் எனாமல் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரியும். இறகில் மெல்லிய இணைகோடுகள் தெரியும், சாய்த்தால் நீலம் மாறும். வெந்நீரில் பசை இளகும், ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியில் இறகே உதிர்ந்துவிடும். காய்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். மிங் பேரரசர் வான்லியின் கல்லறையில் 1950-களில் கிடைத்த அரசியின் ஃபீனிக்ஸ் கிரீடத்திலும் இதே இறகு வேலைதான்.

முத்தும் பவளமும் இருந்தால் புளி, எலுமிச்சை எதுவும் படக்கூடாது. இரண்டும் சுண்ணாம்பு இனம், புளிப்பு அரித்துவிடும்.

உடைந்ததைப் பற்றவைக்கும் முன் பழைய ஈயப்பற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஈயத்தைச் சுரண்டி எடுக்காமல் நெருப்புக் காட்டினால் அது தங்கத்துக்குள் இறங்கிக் குழி போடும், தங்கம் நொறுங்கிப்போகும். முலாம் ஊசிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடு அதிகமானால் தங்கப் படலம் வெள்ளிக்குள் உறிஞ்சப்பட்டு மஞ்சளே மறைந்துவிடும். ஊசித் தலையில், நடக்கையில் ஆடும் பட்டாம்பூச்சி உருவங்களைத் தாங்கும் சுருள்கம்பியையும் இழுத்து நேராக்காதீர்கள். திரும்ப அந்த ஆட்டம் வராது.

நோன்யாக்களின் (மலாய்ப் பழக்கவழக்கங்களை ஏற்ற சீன வம்சாவளிப் பெண்கள்) ‘சுச்சோக் சங்கூல்’ என்ற கொண்டை ஊசி தனிக்கதை. பெரிதும் சிறிதுமாகச் செட்டாகச் செருகுவது அது. (மலாயில் சிப்புட் என்றால் நத்தை; நத்தைபோல் சுருட்டிய கொண்டைக்கும் அதே பெயர். நம் ஊர்ப்பெயரை நினைத்துக்கொள்ளலாம்.) அதில் ஒன்றை மட்டும் பிரித்து விற்றால் மிச்சத்தின் மதிப்பும் சரியும்.

பத்திரப்படுத்தும்போது ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பர் ஊரில் இது எளிதாக நடக்கும் தவறு. அதிலுள்ள கந்தகம் முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மன்னிக்கவும் ஆசிரியரே, நாளிதழிலும் சுற்றாதீர்கள். துவைத்த பருத்தித் துணி போதும்.

இப்படிக்கு,
பழைய நகை பழுதுபார்க்கும் பொற்கொல்லர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்