கை நிறைய அட்சதை

சென்னை,
மார்கழி 3

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான்கு பக்கத்தையும் விடுதி வராந்தாவில் நின்றபடியே படித்து முடித்தேன். நெல் வயலில் தூர் எண்ணிய கதையை அன்றிரவு அறைத் தோழிகளுக்கும் வாசித்துக் காட்டினேன். குத்துக்கு எத்தனை தூர் என்று குனிந்து எண்ணிக்கொண்டே போனவள், ஒரு நெல் தாளில் வெட்டுக்கிளி தோலுரிப்பதைப் பார்த்து நின்றுவிட்டு, எண்ணிக்கை மறந்துபோய் மறுபடி வரப்பிலிருந்து தொடங்கினாய் என்று எழுதியிருந்தாய். பேராசிரியர் திட்டினார் என்றும் எழுதியிருந்தாய். திட்டட்டும் கயல். அந்த வெட்டுக்கிளியை நீ முழுதாகப் பார்த்தாய் அல்லவா?

பதில் தாமதமானதற்குத் தேர்வு ஒரு காரணம். கல்யாணங்களில் படம் எடுக்கும் வேலை இன்னொரு காரணம். ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள். சனி, ஞாயிறு ஒன்றுகூட எனக்கு மிஞ்சவில்லை. மார்கழி பிறந்த பிறகுதான் மூச்சு விட முடிகிறது.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் இலக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டோமே, இன்னும் அதுதானா என்று கேட்டிருக்கிறாய். உன்னுடையது அப்படியே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. முதுகலை நுழைவுத் தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டாய். "இருபத்தைந்து வயதுக்குள் உலக அளவில் ஒரு புகைப்படப் பரிசு" என்று நான் எழுதியிருந்தேன். அதை நான் கைவிடவில்லை என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். இப்போது அந்த வரியை நினைத்தால், எந்தப் படத்துக்குப் பரிசு என்று அதில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் கண்ணில் படுகிறது.

ஆரணியில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றி உனக்கு எழுத வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று நான் இரண்டாவது கேமரா. தாலி கட்டும் நேரத்தில் மணமேடையில் எனக்குக் கிடைத்த இடம் மணமகளுக்கு நேர் எதிரே. என் இடப்பக்கம் வீடியோ எடுப்பவர், வலப்பக்கம் விளக்குப் பிடிக்கும் தம்பி. மூன்று பேர் தோளோடு தோள் நின்றால் அது ஒரு சுவர். ஆனால் சுவரின் முன்பக்கத்தில் நிற்கிறவருக்கு அது தெரியாது. ஐயர் கையைத் தூக்கினார், கெட்டிமேளம் எழுந்தது, நான் ஷட்டரை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. மணமகன் முதல் முடிச்சுப் போட்டான், நாத்தனார் மற்ற இரண்டையும் போட்டாள். அந்த நேரத்தில் யாரோ என் முழங்கையை இரண்டு முறை தொட்டார்கள். கூட்டம் இடிக்கிறது என்று நினைத்து, திரும்பாமலே தோளால் ஒதுக்கினேன்.

மேளம் அடங்கிய பிறகு திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் பெண்ணின் பாட்டி உட்கார்ந்திருந்தார். "கட்டியாகிவிட்டதா அம்மா?" என்று என்னைக் கேட்டார். வலது கை மூடியே இருந்தது. எல்லோரும் அட்சதை போட்டு முடித்துவிட்டார்கள். அவர் கையில் இருந்தது அப்படியே இருந்தது. எப்போது போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை, நான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

கேமராவின் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மஞ்சள் கயிறு, பெண்ணின் குனிந்த கழுத்து, பின்னால் நாத்தனாரின் விரல்கள், எல்லாம் துல்லியமாக இருந்தன. பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கண்ணாடி எடுத்து வரவில்லையே, தாயே" என்றார். பிறகு கையைத் திறந்தார். வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது; ரேகைக்குள் எல்லாம் மஞ்சள் இறங்கியிருந்தது. இடது கையால் அதை உதிர்த்துத் திரட்டி, "நீயும் நன்றாக இரு" என்று சொல்லி என் தலையில் போட்டார்.

பேத்தி தலையில் விழ வேண்டிய அரிசி அது, கயல். அன்று இரவு விடுதிக்கு வந்து தலைவாரும்போது சீப்பில் இரண்டு அரிசி வந்தன. அவற்றை எறிய மனம் வரவில்லை. கேமராப் பையின் சின்ன அறையில் வைத்திருக்கிறேன்.

அந்தப் படத்தைத்தான் ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் போட்டார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். நல்ல படம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்க்கும்போது என் முழங்கையில் இரண்டு முறை தொட்ட விரல்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு வந்த கல்யாணங்களில் நான் முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பே மேடைக்குப் போய், முன்வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். தாலி கட்டும்போது மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து எடுக்கிறேன். இதனால் மணமகளின் முகம் பாதிதான் கிடைக்கிறது. ஸ்டூடியோவில் இரண்டு முறை திட்டு வாங்கினேன். வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை, கல்லூரிக் கட்டணத்தில் பாதி அதில்தான் கட்டுகிறேன். ஆனாலும் பழைய இடத்தில் போய் நிற்க முடியவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு நம் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். மூன்று வருடமாக மகாதீபத்தை எங்கள் மொட்டை மாடியிலிருந்து படம் எடுத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். மூன்றும் ஒரே படம்தான்: கறுத்த மலை, உச்சியில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. இந்த முறை கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மாடிக்குப் போனேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு ஊர் எப்படி இருக்கும் என்பதை இத்தனை வருடமும் நான் பார்த்ததே இல்லை! அந்த நேரத்தில் எப்போதும் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை மாற்றிக்கொண்டு, ஸ்டாண்டைச் சரிசெய்துகொண்டு இருந்திருக்கிறேன். இந்த முறை பார்த்தேன். எல்லா மாடியிலும் ஆட்கள், எல்லோர் முகமும் ஒரே பக்கம். எதிர்வீட்டு அக்கா திரி போட்ட அகல்களைக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக அடுக்கி, தீப்பெட்டியும் குச்சியும் கையில் வைத்துக்கொண்டு, உரசாமல் நிற்கிறாள். மலையில் தெரிந்த பிறகுதானே வீட்டில் ஏற்ற வேண்டும். கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வரும் அந்த ஓரிரு நிமிடம் மாடியில் இருக்கிற நமக்குத் தெரியாது. ஆனால் பேச்சு தானாக அடங்கிவிடுகிறது. உச்சியில் முதலில் புகைதான் தெரிந்தது. ஒரு பொட்டு ஒளி வந்தது, சாய்ந்தது, காணாமல் போனது, பிறகு நிமிர்ந்து நின்றது. அப்பா "அரோகரா" என்று கத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதன் பிறகு குச்சி உரசும் ஒலி ஒவ்வொரு மாடியாக வந்தது. அந்த ஒலியை என் மூன்று வருடப் படங்களில் எதிலும் காணோம்.

கீழே தெருவில் பையன்கள் மாவலி சுற்றினார்கள். அப்போது மட்டும் கை பரபரத்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் சுற்றுகிறார்கள். அரை விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் பொறிகள் முழு வட்டமாக விழும். ஆனால் நின்று பார்த்தபோது என் கண்ணுக்கும் அது வட்டமாகத்தான் தெரிந்தது. கண்ணும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

நம் ஊரைப் பற்றி ஒரு செய்தி இந்தப் பருவத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர், கையில் லைக்கா கேமராவோடு உலகம் சுற்றியவர், சரியான கணத்தைப் பிடிப்பதற்கு இன்றும் முன்மாதிரியாக எங்கள் வகுப்பில் சொல்லப்படுகிறவர், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்திருக்கிறார். ரமணரின் கடைசி நாட்களில் அவரைப் படம் எடுத்திருக்கிறார். ஏப்ரல் 14 இரவு தங்கியிருந்த வீட்டு முன்னால் நின்றபோது, தெற்கிலிருந்து ஒரு விண்கல் ஒளிவாலோடு மெதுவாக வானத்தைக் கடந்து மலைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்தாராம். உடனே கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடினார். ரமணர் அந்த நேரத்தில்தான் உயிர் நீத்திருந்தார்.

அந்த விண்கல்லைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது அவர் சொன்ன வார்த்தைகள்தாம். அவ்வளவு பெரிய கணம். அவர் அண்ணாந்து பார்த்தார், மணி பார்த்தார், ஓடினார். 1970களில் கேமராவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு ஓவியம் வரையப் போய்விட்டார் என்றும் படித்தேன். நாம் சைக்கிளில் போய்க் கொய்யா வாங்கித் தின்ற அதே செங்கம் சாலைப் பக்கம் அவர் நடந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

இதை வைத்து, கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணால் பார் என்று உபதேசம் செய்கிறவர்களோடு நான் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எதிர்வீட்டு அக்காவின் கையில் உரசாத குச்சியை நான் கவனித்ததே கேமரா பழக்கிய கண்ணால்தான். அதோடு, யாராவது எடுத்து வைக்காமல் போனால் நமக்கு என்ன மிஞ்சும்? உன் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் யானைமலையையே எடுத்துக்கொள். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர், 1858இல் அதைப் படம் எடுத்திருக்கிறார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். கணினித் திரையில் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ தினமும் காலையில் ஓடும்போது பார்க்கும் அதே முதுகு, அதே துதிக்கை.

அந்தக் காகிதத்தில் படம் விழ நேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து போகிறவர்கள் பதியாமலே போவார்கள். அசையாதது மட்டும் நிற்கும். அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே வரிசையாக்கியிருக்கிறார். கோயிலை ஒட்டிய வெயிலில் ஒவ்வொரு துண்டாக நகர்ந்துகொண்டே போயிருப்பார். நான் ஆரணியில் ஒரே காலையில் 2,400 படம் எடுத்தேன். அதில் எத்தனையை நான் பார்த்துவிட்டு எடுத்தேன் என்று கேட்டால், பத்து சொல்லலாம்.

ஆகவே, நோட்டில் எழுதிய வரியை மாற்றிக்கொள்கிறேன், நீ சாட்சி. இறுதியாண்டுத் திட்டத்துக்கு மாவலியை எடுத்துக்கொள்ளப் போகிறேன். சுற்றும்போது பறக்கும் பொறியை மட்டும் எடுத்து முடித்துவிடும் எண்ணம் இல்லை. பனை ஏறிப் பூ வெட்டுவது, குழியில் சுடுவது, மூட்டம் போடுவது, அம்மியில் பொடிப்பது, பழைய வேட்டியைக் கிழிப்பது என்று அடுத்த கார்த்திகை வரை. பெரியப்பா ஊரில் இன்னும் இரண்டு வீட்டில் விற்பனைக்குச் செய்கிறார்கள். முதல் முறை போகும்போது கேமரா இல்லாமல் போய், கரி பொடித்துக் கொடுத்துவிட்டு வருவதாக இருக்கிறேன். ஆண் பனையின் பூ எப்போது வெட்டினால் நன்றாகக் காயும் என்று உங்கள் கல்லூரியில் யாரையாவது கேட்டுச் சொல். பரிசு வந்தால் வரட்டும். அதற்கு வயது வரம்பு வேண்டாம்.

அம்மா உன்னை விசாரித்தாள். பொங்கலுக்கு நீ வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. திருவாதிரைக்குத் தீப மை கொடுப்பார்கள் அல்லவா, உனக்கும் சேர்த்து வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் தம்பி பத்தாம் வகுப்புக் கணக்கில் இன்னும் தடுமாறுகிறானா? விடுமுறையில் நான் சொல்லித் தருகிறேன், அவனைக் கூச்சப்படாமல் வரச்சொல்.

தை கடைசியில் இரண்டு நாள் மதுரைக்கு வர எண்ணம். டிரைப் யானைமலையை எங்கே நின்று எடுத்தார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நீயும் உடன் வர வேண்டும். அதற்கு முன் ஒரு உதவி. காலை ஏழு மணிக்கு வெயில் முதலில் மலையின் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எதுவரை வருகிறது என்று ஒரு வாரம் பார். படம் எடுத்து அனுப்பாதே. கையால் எழுது.

அன்புடன்,
தாமரை